நாமும் அறங்காவலர்களே

இம்மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, அம்பாளின் பெருமையையோ திருவிழாவின் தத்துவத்தையோ எழுதுவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். அவற்றை என்னிலும் சிறப்பாக எழுதவல்ல குருமார்களும் ஆசிரியர்களும் எம்மிடையே உள்ளனர். அடியேனோ வாழ்நாளின் பெரும்பகுதியை அரசாங்க அலுவலகத்தில் கோவைகளோடு கழித்த ஓர் எழுதுவினைஞன். ஆகவே எனக்குத் தெரிந்த ஒரு விடயத்தைப் பற்றி, பல வருடங்களாக மனதை உறுத்திக் கொண்டிருக்கும் ஒரு கேள்வியைப் பற்றி எழுதலாம் என எண்ணினேன். அது வாக்குரிமை பற்றியது.

ஆலய மலரில் தேர்தல் பேச்சா எனச் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். எந்தக் கட்சியைப் பற்றியும் இங்கு நான் எழுதப் போவதில்லை. வாக்களிப்பது எமது கடமை என்பதை அனைவரும் ஒப்புக் கொள்கிறோம். ஆனால் விடயம் அறிந்து வாக்களிப்பதும் கடமையா? அறியாமல் வாக்களித்தால் அது குற்றமா, அல்லது வெறும் அறியாமைதானா? இது அரசியற் கேள்வி மாத்திரமன்று. அறம் பற்றிய கேள்வியுமாகும். அறம் பற்றிப் பேசுவதற்கு ஆலயத்தை விடப் பொருத்தமான இடம் வேறெது?

ஒரு தாயார் கேட்ட கேள்வி

1994 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16 ஆந் திகதி பாராளுமன்றத் தேர்தல் நடைபெற்றது. நாவலப்பிட்டிப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் அமைந்த வாக்களிப்பு நிலையத்தில் எனக்குக் கடமை. வருபவர்களின் விரலில் மை பூசுவது என் வேலை. காலையிலிருந்தே மழைத் தூறல். பத்து மணியளவில், எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு தாயார் பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக் கொண்டு வந்தார். பேரனை வாசலில் நிறுத்திவிட்டுத் தனியாக உள்ளே வந்து, விரலை நீட்டும்போது சொன்னார்: "வெள்ளக்கார தொர காலத்துல ஒரு தடவ போட்டதுங்க ஐயா. அதுக்குப் பொறகு இன்னைக்குத்தாங்க."

வாக்குச் சீட்டு கையில் கிடைத்ததும் அவர் செய்ததை நான் இன்றுவரை மறக்கவில்லை. கோயிலில் விபூதி வாங்குவது போல இரு கைகளாலும் அதை வாங்கி, கண்களில் ஒற்றிக் கொண்டார். பின் மறைப்புக்குள் போனார். வெகு நேரமாகியும் வரவில்லை. பிறகு தலையை வெளியே நீட்டி, "ஐயா, தலைவரு சொன்ன நம்பரு மறந்து போச்சுங்க. எந்தப் படத்துக்குப் போடணுமுன்னு சொல்லுங்க" என்றார்.

அங்கிருந்த எவரும் பதில் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. பார்வையற்றோருக்கும் இயலாதோருக்கும் அவர்கள் சொல்லும் இடத்தில் புள்ளடியிட்டுக் கொடுக்கத் தலைமை தாங்கும் அலுவலருக்குச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் எவருக்குப் போட வேண்டும் என்று சொல்ல எவருக்கும் இடமில்லை. "அம்மா, உங்களுக்கு யாரைப் பிடிக்குமோ அவருக்குப் போடுங்கள்" என்றார் எமது அலுவலர். அத்தாயார் திகைத்து நின்றார். தனக்கு யாரைப் பிடிக்கும் என்று அதற்கு முன் எவரும் அவரிடம் கேட்டதே இல்லை போலும். கடைசியில் ஏதோ ஒன்றில் அடையாளமிட்டு, சீட்டைப் பெட்டியில் இட்டு, பெட்டியையும் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

நாற்பத்தேழு வருடங்கள் காத்திருந்து கிடைத்த சீட்டு. அதன் மீது அத்தாயாருக்கு இருந்த பக்தியில் குறையேதும் இல்லை. குறை வேறெங்கோ இருந்தது. அது எங்கே என்பதைத்தான் இன்றும் தேடிக் கொண்டிருக்கிறேன்.

ஏன் கண்ணில் ஒற்றிக் கொண்டார்?

இளைய தலைமுறையினர் பலருக்கு இவ்வரலாறு தெரியாது. ஆகவே சுருக்கமாகவேனும் குறிப்பிடுதல் பொருத்தமாகும்.

டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 1931 ஆம் ஆண்டில் இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. ஆசியாவிலேயே முதன்முதலில் அதைப் பெற்ற நாடுகளில் இலங்கையும் ஒன்று. தோட்டத்து மக்களுக்கு வசிப்பிடம் தொடர்பான நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. ஆயினும் பலர் வாக்காளர்களாயினர். 1947 ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமானும், தலவாக்கலையில் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையும், எமது நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கமும், அலுத்நுவரத் தொகுதியில் டி. இராமானுஜமும் அவ்வாறு வெற்றி பெற்றவர்களுள் அடங்குவர்.

அதற்கு அடுத்த வருடம், 1948 இல், 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949 இல் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டு, பிரஜைகள் மாத்திரமே வாக்காளராகலாம் என்றாயிற்று. இலட்சக்கணக்கான மலையக மக்களின் பெயர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து நீங்கின. 1952 ஆம் ஆண்டுத் தேர்தலில் அம்மக்களின் பிரதிநிதியாக ஒருவர்கூடப் பாராளுமன்றம் செல்லவில்லை. அவ்வருடம் வாக்குரிமை கோரிக் கொழும்பில் சத்தியாக்கிரகம் இருந்தும் பயன் கிட்டவில்லை.

வாக்கில்லாத மக்களுக்கு என்ன நடக்கும் என்பதை அடுத்த இருபத்தைந்து வருடங்கள் காட்டின. 1964 இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று இரு அரசாங்கங்களும் கணக்குப் பிரித்தன. அந்த மக்களிடம் எவரும் வாக்கெடுத்துக் கேட்கவில்லை. எத்தனை குடும்பங்களில் அண்ணன் இங்கும் தம்பி அங்கும் ஆனார்கள் என்பதை எமது ஊரிலேயே வீட்டுக்கு வீடு கேட்டுத் தெரிந்து கொள்ளலாம். 1973, 1974 ஆம் ஆண்டுகளில் உணவுத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது தோட்டங்களில் மக்கள் பட்டினியால் மடிந்தனர். அவர்களுக்காகப் பாராளுமன்றத்தில் குரலெழுப்ப, அவர்களுடைய வாக்கால் தெரிவான ஒருவரும் அங்கு இருக்கவில்லை.

1977 இல்தான் திரு. தொண்டமான் நுவரெலியா - மஸ்கெலியா தொகுதியிலிருந்து மீண்டும் தெரிவானார். 1988 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கச் சட்டமும் 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமும் எஞ்சியோருக்கும் பிரஜாவுரிமை கிடைக்க வழி செய்தன. 1948 இல் தொடங்கிய துன்பம் சட்டப் புத்தகத்திலிருந்து நீங்க 55 வருடங்கள் எடுத்தன.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எமது வாக்கைப் பறித்த சட்டமும் வாக்கினால்தான் நிறைவேறியது. பாராளுமன்றத்தில் அதற்கு ஆதரவளித்தவர்களில் பெரும்பாலானோர் மக்களால் தெரிவு செய்யப்பட்டு அங்கே போனவர்களே. அவர்களைத் தெரிவு செய்த எங்கோ ஓர் ஊர் மக்கள், தமது புள்ளடி மலைநாட்டில் ஒரு தாயாரின் கையை நாற்பத்தேழு வருடங்கள் கட்டிப் போடும் என்று நினைத்திருப்பார்களா? அறியாமல் இட்ட ஒரு புள்ளடி எவ்வளவு தூரம் பாயும் என்பதற்கு எமது வரலாறே சாட்சி.

நன்றிக்கடனா, வாக்கா?

எமது மக்கள் தலைவர் சொன்னபடியே வாக்களிப்பதைப் பட்டணத்தில் இருப்பவர்கள் சிலர் ஏளனமாகப் பேசுவதுண்டு. அந்த ஏளனத்தில் எனக்கு உடன்பாடில்லை. வாக்கில்லாத காலத்தில் சம்பளத்துக்கும் சேமலாப நிதிக்கும் பிரசவ விடுமுறைக்கும் வாதாடியவர்கள் தொழிற்சங்கத் தலைவர்களே. சந்தா கட்டியவர்களுக்கு அவர்கள் துணை நின்றார்கள். அந்த நன்றியால்தான் எமது பெற்றோர் "தலைவர் சொன்னால் சரி" என்றார்கள். நன்றி மறவாமை எமது பண்பாட்டின் வேர். வள்ளுவப் பெருந்தகையும் செய்ந்நன்றியறிதலுக்குத் தனியோர் அதிகாரம் வகுத்தார்.

ஆனால் அதே வள்ளுவர் தெரிந்துதெளிதல் என்றும் ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார். ஒருவரைப் பொறுப்பில் அமர்த்துமுன் ஆராய்ந்து பார்க்க வேண்டும், ஆராய்ந்த பின்னரே நம்ப வேண்டும் என்பது அதன் சாரம். அது அரசனுக்குச் சொன்ன அறிவுரை. இன்று ஒருவரைப் பொறுப்பில் அமர்த்தும் அதிகாரம் வாக்காளரிடம் உள்ளது. ஆகவே அந்த அதிகாரம் இன்று எமக்கே உரியது.

இவ்விரு அறங்களும் மோதும்போது எது பெரிது? இதற்கு விடை எனக்கு ஆலயத்திலேயே கிடைத்தது. அம்பாளின் நகைப் பெட்டகத்தின் திறப்பு சில வருடங்கள் என்னிடம் இருந்தது. என் பிள்ளையின் படிப்புக்கு உதவிய ஒரு பெரியவருக்கு நன்றிக்கடனாக, அம்பாளின் பதக்கத்தை எடுத்து நான் கொடுத்தேன் என்று வைத்துக் கொள்வோம். நீங்கள் என்னை என்ன செய்வீர்கள்? "என்ன இருந்தாலும் நன்றி மறவாத மனிதர்" என்று பாராட்டுவீர்களா? என் நன்றியுணர்வு உண்மையானதாகவே இருக்கலாம். ஆனால் நான் கொடுத்த பொருள் என்னுடையதன்று. நன்றிக்கடனை என் பணத்தாலும் என் உழைப்பாலும் நான் தீர்க்கலாம். என்னிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளால் தீர்க்க முடியாது.

வாக்கும் அத்தகைய பொருளே என்பது எனது தாழ்மையான கருத்து. அது என் கையில் இருக்கிறது, ஆனால் எனக்கு மாத்திரம் உரியதன்று. பத்து வயதுப் பேரனுக்கு வாக்கில்லை. அவன் படிக்கப் போகும் பாடசாலையை என் வாக்குத் தீர்மானிக்கிறது. மத்திய கிழக்கில் பணிப்பெண்களாக உழைக்கும் எமது சகோதரிகளுக்கு 2024 ஆம் ஆண்டுத் தேர்தல்களிலும் அங்கிருந்து வாக்களிக்க வசதி இருக்கவில்லை. அவர்களுக்காகவும் நான்தான் யோசிக்க வேண்டும். வாக்கின்றியே கண்மூடிய எமது பாட்டன் பாட்டிமார் விட்டுச் சென்ற சொத்தும் அதுவே. ஆகவே வாக்காளர் ஒவ்வொருவரும் ஓர் அறங்காவலர். தலைவருக்கு மாலை போடுங்கள், அவர் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போங்கள். வாக்கை மாத்திரம் ஆராய்ந்து கொடுங்கள். ஆராய்ந்த பிறகு அதே தலைவருக்கே வாக்களிக்க நேர்ந்தால் அதில் தவறேதும் இல்லை. அது அவருக்கும் பெருமையே.

எமது தவறு

பிறருக்கு அறிவுரை கூறுமுன் எமது தவறை ஒப்புக் கொள்ளக் கடமைப்பட்டுள்ளேன். முன்பு ஒரு தேர்தலின்போது, வேட்பாளர் ஒருவர் எமது அன்னதான மண்டபத்துக்கு ஐம்பது மூடை சீமெந்தும் கூரைத் தகடுகளும் தந்தார். ஆலயத்துக்கு வந்து அர்ச்சனை செய்தார். அவருக்குப் பொன்னாடை போர்த்தினோம். அன்று மாலைப் பூசை முடிந்ததும் ஒலிபெருக்கியில் அவருடைய பெயரையும் இலக்கத்தையும் அறிவித்து, "எமது ஆலயத்துக்கு உதவியவரை மறக்கலாகாது" என்று பேசியவன் நான்தான்.

அவர் வென்றார். மண்டபமும் எழுந்தது. சில மாதங்களின் பின், எமது பாடசாலையில் உயர்தர வகுப்புக்குக் கணிதம் கற்பிக்க ஆசிரியர் இல்லை என்று பெற்றோருடன் சென்று அவரைச் சந்தித்தோம். அன்போடுதான் வரவேற்றார், தேநீரும் தந்தார். பேச்சின் முடிவில் சிரித்துக் கொண்டே, "உங்கள் ஊருக்குச் செய்ய வேண்டியதைத்தான் செய்து விட்டேனே" என்றார். எம்மில் ஒருவருக்கும் வாய் திறக்க முடியவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. விலை பேசி, விலையும் வாங்கி விட்டோம். இனி எந்த முகத்தோடு கேட்பது?

அதிலும் பெரிய வேதனை எனக்கு ஒன்றிருந்தது. பல வருடங்கள் வவுச்சர்கள் எழுதியவன் நான். அரசியல்வாதிகள் வழங்கும் தகடுகளும் கதிரைகளும் பல வேளைகளில் பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவு நிதியிலிருந்து, அதாவது பொதுமக்கள் பணத்திலிருந்து வருபவை என்பது எனக்குத் தெரியாததன்று. வருமான வரி கட்டாத ஏழையும் கடையில் வாங்கும் பல பொருட்களுக்குப் பெறுமதி சேர் வரி கட்டுகிறார். 2024 ஜனவரி முதல் அது 18 சதவீதமாயிற்று. எமது பணத்தில் வாங்கிய பொருளை எமக்கே கொடுத்து, அதற்கு எமது வாக்கையும் வாங்கிச் செல்லக் கூடும் என்பதை அறிந்திருந்தும் நான் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தேன். 1994 இல் அத்தாயார் அறியாமல் கேட்டார். நான் அறிந்தே செய்தேன். அறியாதவரின் பிழையை விட, அறிந்தும் சொல்லாதிருந்தவரின் பிழையே பெரிது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

கோயிற் சுவரில் ஒரு பாடம்

தமிழ்நாட்டில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர் என்ற ஊர் உள்ளது. அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் கல்வெட்டுகள் காணப்படுகின்றன. அவை கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிவு செய்யும் முறை அவற்றில் விவரிக்கப்பட்டுள்ளது. தகுதியுள்ளோரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பிப்பார்கள். வயது, குடியிருப்பு, நிலவுடைமை, கல்வி எனத் தகுதிகள் வரையறுக்கப்பட்டிருந்தன. அதைவிட முக்கியமானது, தகுதியற்றோர் யார் என்ற பட்டியல். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினரும் வர முடியாது.

அம்முறை இன்றைய தேர்தல் அன்று. நிலமற்றோருக்கும் பெண்களுக்கும் அதில் இடமிருக்கவில்லை. அந்த வகையில் இன்றைய எமது முறையே மேலானது. ஆயினும் கணக்குக் காட்டாதவருக்குப் பொறுப்பில்லை என்ற நீதியை ஆயிரத்து நூறு வருடங்களுக்கு முன்பே கோயிற் சுவரில் வெட்டி வைத்தார்கள் எம் முன்னோர். ஊரார் எல்லோரும் கூடும் இடம் அதுவல்லவா?

எமது மக்களுக்குக் கணக்குக் கேட்கத் தெரியாது என்று எவரும் சொல்ல வேண்டாம். ஒரு வருடப் பொதுக்கூட்டத்தில் நான் கணக்கறிக்கை வாசித்து முடித்ததும், கையெழுத்துப் போடவும் சிரமப்படும் ஒரு தாயார் பின்வரிசையில் எழுந்தார். "தேரன்னைக்கு எங்க வீட்டுத் தேங்காய் நாப்பது வந்துச்சே, அது எங்கங்க ஐயா கணக்குல?" என்று கேட்டார். எனக்கு வியர்த்து விட்டது. ஏட்டைப் புரட்டிப் பார்த்தால் அந்த வரி கூட்டலில் விடுபட்டிருந்தது. முப்பது வருடங்கள் அரசாங்கக் கணக்கு எழுதியவனின் பிழையை எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் கண்டுபிடித்தார். வெட்கமாக இருந்தாலும், பிறகு யோசித்தபோது பெருமையாகவே இருந்தது. நாற்பது தேங்காய்க்குக் கணக்குக் கேட்ட அத்தாயார், ஐந்து வருட ஆட்சிக்குக் கணக்குக் கேட்க மாட்டாரா? அவரால் முடியும். கேட்கலாம் என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை, அவ்வளவே.

"எங்களுக்கு அரசியல் புரியாது"

விடயம் அறிந்த வாக்காளர் என்றால் பட்டதாரி என்று பொருளல்ல. கேள்வி கேட்பவர் என்றே பொருள். ஓர் உதாரணம் சொல்கிறேன். இதில் எவரையும் குறைகூறும் நோக்கம் எனக்கில்லை. 2019 ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலின்போது, பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைப்பதாக வாக்குறுதி வழங்கப்பட்டது. அது டிசம்பரில் நிறைவேறியது. கேட்க இனிமையாகத்தான் இருந்தது. வரியைக் குறைத்தால் ஆஸ்பத்திரிக்கும் பாடசாலைக்கும் பணம் எங்கிருந்து வரும் என்று எம்மில் எத்தனை பேர் கேட்டோம்? படித்தவர்களும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அரசாங்க வருமானம் வீழ்ந்தது. கொவிட் பெருந்தொற்றும் வேறு காரணங்களும் சேர்ந்து கொண்டன. 2022 ஏப்ரல் 12 ஆந் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நாடு இடைநிறுத்தியது. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாம் வரிசையில் நின்ற நாட்கள் மறக்கக் கூடியவையா?

அதே விஞ்ஞாபனத்தில் சேதன விவசாயத்துக்குப் பத்து வருடங்களில் மாறுவதாகச் சொல்லப்பட்டிருந்தது. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டது. தேயிலையும் மரக்கறியும் பாதிக்கப்பட்ட பின் அவ்வருட நவம்பரில் தடை நீக்கப்பட்டது. விஞ்ஞாபனத்தை வாசித்திருந்தவர்களால்தான், "பத்து வருடம் என்றீர்களே, ஒரே நாளில் ஏன்?" என்று கேட்க முடிந்தது. சமையல் செலவைத் திட்டமிடும் எந்தத் தாயாருக்கும் இந்தக் கேள்விகள் புரியும்.

"யார் வந்தாலும் ஒன்றுதான்" என்பது இன்னொரு கூற்று. இதைச் சொல்பவர்கள் 1949 ஐ ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும். யார் வந்தாலும் ஒன்றுதான் என்றால், எமது வாக்கைப் பறிக்க அவ்வளவு சிரமப்பட்டு ஏன் சட்டம் இயற்றினார்கள்? வாக்குக்குப் பெறுமதி இருந்தபடியால்தானே? 2010 ஏப்ரலில் நாவலப்பிட்டித் தொகுதியில் முறைகேடுகள் காரணமாக வாக்களிப்பு இரத்துச் செய்யப்பட்டு, அம்மாதம் 20 ஆந் திகதி மீண்டும் வாக்களிப்பு நடந்ததை இப்பகுதியினர் அறிவர். ஒரு தொகுதியின் வாக்குக்காக முழு மாவட்டத்தின் இறுதி முடிவும் காத்திருந்தது.

அறிய வேண்டியவை சில

முதலாவது, வாக்காளர் இடாப்பில் எமது பெயர் இருக்கிறதா என்பதை வருடந்தோறும் கிராம உத்தியோகத்தரிடம் பார்த்துக் கொள்ள வேண்டும். பதினெட்டு வயதான பிள்ளைகளின் பெயரையும் சேர்க்க வேண்டும். பெயரில்லாத இடாப்பினால் எமது சமூகம் பட்ட துன்பம் போதும்.

இரண்டாவது, வாக்களிக்கும் முறையை அறிய வேண்டும். பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்கு ஒரு புள்ளடி, பின் அக்கட்சியின் வேட்பாளர்களில் மூவர் வரைக்கும் விருப்பு வாக்கு. இரண்டு கட்சிகளுக்குப் புள்ளடியிட்டால் சீட்டு நிராகரிக்கப்படும். 2024 நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் நாடு முழுவதும் 667,240 வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. நூற்றுக்கு ஐந்துக்கும் மேல். அவற்றுள் வேண்டுமென்றே பழுதாக்கியவையும் இருக்கலாம். ஆனால் வரிசையில் நின்று, கும்பிட்டுப் போட்டு, பயனின்றிப் போனவையும் பல இருக்கும் என்றே என் அனுபவம் சொல்கிறது.

மூன்றாவது, கேட்கும் உரிமை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, எந்தப் பிரஜையும் பிரதேச சபையிடமோ திணைக்களத்திடமோ எழுத்து மூலம் விபரம் கேட்கலாம். தருவதா இல்லையா என்பதைப் பதினான்கு வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும். எமது ஊர்ப் பாதைக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று கேட்க எந்த அரசியல்வாதியின் சிபாரிசும் தேவையில்லை.

நான்காவது, கைத்தொலைபேசியில் வருவதையெல்லாம் நம்பலாகாது. 2018 மார்ச் மாதத்தில் திகன, தெல்தெனியப் பகுதிகளில் தொடங்கிய வன்செயலில் முஸ்லிம் சகோதரர்களின் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டதை நாம் கண்ணாரக் கண்டோம். வதந்தியும் வெறுப்புப் பேச்சும் கையிலிருந்த பெட்டி வழியாகப் பரவின. சமூக வலைத்தளங்களையே சில நாட்கள் முடக்க வேண்டியதாயிற்று. பொய்யைப் பரப்பிய விரலும் புள்ளடியிடும் விரலும் ஒன்றே என்பதை இளைஞர்கள் மறக்கலாகாது.

ஒரு வேண்டுகோள்

தமிழில் "வாக்கு" என்றால் கொடுத்த சொல் என்றும் பொருள். வாக்குக் கொடுத்தவன் தவறலாகாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். எதற்கு வாக்குக் கொடுக்கிறோம் என்று தெரியாமலே கொடுப்பதை எவரும் பெருமையாகப் பேசுவதில்லை. சைவ சித்தாந்தம் அறியாமையை மலம் என்கிறது. கதிரவன் ஒளி தந்தாலும் கண்ணைத் திறக்க வேண்டியது நாமே.

ஆகவே அறங்காவலர் சபைக்கும் அடியார்களுக்கும் ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். அம்பாள் சந்நிதிக்கு எக்கட்சியினரும் வரலாம், அடியார் என்ற முறையில் விபூதி பிரசாதம் பெறலாம். ஆனால் தேர்தல் அறிவித்த நாள் முதல் முடிவு வெளியாகும் வரை எந்த வேட்பாளரிடமிருந்தும் எந்த உதவியையும் ஆலயம் பெறலாகாது. ஆலய ஒலிபெருக்கியில் எந்தப் பெயரும் இலக்கமும் ஒலிக்கலாகாது. அதற்குப் பதிலாக, வாக்களிக்கும் முறையை முதியோருக்கு விளக்கும் ஒரு வகுப்பை அறநெறிப் பாடசாலை மண்டபத்தில் நடத்தலாம். எவருக்கு என்று சொல்லாமல், எப்படி என்று மாத்திரம் சொல்லிக் கொடுக்கலாம். அப்பணியை ஏற்க அடியேன் தயாராக இருக்கிறேன். என் பழைய தவறுக்கு அதுவே பிராயச்சித்தமாகட்டும்.

1994 இல் என்னிடம் விரலை நீட்டிய அத்தாயார் இன்று இருக்க மாட்டார். வாசலில் நின்ற அந்தப் பேரன் இன்று நாற்பதைத் தொட்டிருப்பார். அவர் வாக்குச் சீட்டை வாங்கும்போது பாட்டியைப் போலக் கண்ணில் ஒற்றிக் கொள்ளட்டும். ஆனால் மறைப்புக்குள் போன பின் எவரிடமும் எதுவும் கேட்காமல், தானே ஆராய்ந்து எடுத்த முடிவின்படி புள்ளடியிட்டு வரட்டும். அத்தகைய தெளிவை எமது ஊரார் அனைவருக்கும் அருளுமாறு அன்னை முத்துமாரியின் பாதம் பணிந்து வேண்டி அமைகிறேன்.

சுபம்.